கை படாத உருளை

மகளின் காய்ச்சலுக்காகப் போட்ட லீவு முடிந்து அவள் லேப்புக்குத் திரும்பியபோது, எல்லோரும் சந்தேகம் என்று கூப்பிடும் இளைய ஆராய்ச்சி மாணவன் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்திருந்தான். அவள் இல்லாத நேரத்தில் ஓர் உருளையை எந்திரத்தில் ஏற்றி நசுக்கிப் பார்த்துவிட்டானாம். கேட்காமலே ஒருவன் தன் வேலையை இழுத்துப் போட்டுச் செய்திருக்கிறானே என்று அவள் மகிழ்வதற்குள், கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினான். சுமையைக் காட்டும் கோடு அவளுடைய சூத்திரம் சொன்ன அளவைத் தொட்டு, அங்கே நிற்காமல் மேலே போயிருந்தது. சொன்னதைவிடப் பாதிப் பங்கு கூடுதலாகச் சுமந்த பிறகுதான் உருளை நசுங்கியிருந்தது.

அவனுக்கு அம்மா அப்பா வைத்த பெயரை லேப்பில் எல்லோரும் மறந்துபோய் வெகுகாலமாகிறது. தராசு காட்டும் எடையையே நம்பாமல் தராசை எடை போட நினைப்பவன் என்பதால் சந்தேகம். அவளுக்கு டப்பா அக்கா என்று பெயர். அதில் அக்கா மரியாதைக்கு, டப்பா தொழிலுக்கு. குளிர்பான டப்பாவைப் போன்ற மெல்லிய அலுமினிய உருளைகளை நிற்கவைத்து, மேலிருந்து அழுத்தி, எந்தச் சுமையில் அவை நெளிந்து மடங்குகின்றன என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மாமியார் போன் பண்ணும்போதெல்லாம் "இன்னும் எத்தன டப்பா பாக்கி?" என்று கேட்பார். குத்தலா, அக்கறையா என்று அவளால் இன்றுவரை பிரித்துப் பார்க்க முடிந்ததில்லை.

கேட்பதற்குத்தான் இது சின்ன வேலை. கணக்குப்படி அந்த உருளை நிறையத் தாங்க வேண்டும். நிஜத்தில் அதற்கு வெகு முன்பே படக்கென்று மடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பள்ளம் போதும், பலமெல்லாம் போய்விடும். ஒன்றுபோல் இன்னொன்று மடங்காது. அவளோ ஒவ்வோர் உருளையின் மேற்பரப்பையும் ஸ்கேனரில் அளந்து, அந்த மேடுபள்ளத்தை வைத்தே அது எந்தச் சுமையில் விழும் என்று முன்கூட்டிச் சொல்லும் சூத்திரத்தைக் கண்டுபிடித்திருந்தாள். சொன்னபடியே விழுந்தன, ஒன்றுவிடாமல். ஆய்வேடு எழுதி முடித்தாகிவிட்டது. கேட்டு வாங்கிய கூடுதல் கெடுவெல்லாம் தீர்ந்து, இந்த மாதக் கடைசிக்குள் அதைச் சமர்ப்பிக்க வேண்டும். பட்டம் வந்தால் சேர்ந்துகொள்ள ஒரு வேலையும் காத்திருக்கிறது. இப்போது பார்த்து ஓர் உருளை விழமாட்டேன் என்று நின்றிருக்கிறது.

முதலில் அவள் சந்தேகத்தைத்தான் சந்தேகப்பட்டாள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை, அவன் தொழிலே அதுதானே. இருவரும் சேர்ந்து சுமைமானியைக் கழற்றிச் சரிபார்த்தார்கள். மேல்தட்டு சாய்ந்திருக்கிறதா என்று மட்டம் வைத்துப் பார்த்தார்கள். நசுங்கிக் கிடந்த உருளையின் ஓரத்தைக் கத்தரித்து அதன் கனத்தை அளந்தார்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஏதாவது ஒன்று தப்பாக இருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. தப்பே கண்டுபிடிக்க முடியாத தப்பை என்ன செய்வது?

அந்த வகை உருளைகளில் இன்னும் இரண்டுதான் மிச்சம். செய்து கொடுத்த பட்டறை அந்த அலுமினியத் தகட்டையே நிறுத்திவிட்டது. இரண்டில் ஒன்றை எடுத்து ஸ்கேன் செய்து, எந்திரத்தின் அடிவளையத்தில் பொருத்தினாள். சந்தேகம் பின்னால் நின்று அவள் கைகளையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்?"

"தட்டுனீங்க. விரல் மூட்டால, ரெண்டு தட்டு."

"இல்லையே."

அவன் அவளுடைய வலது கையைக் கண்ணால் காட்டினான். நடுவிரல் இன்னும் மடங்கியபடியே உருளைக்குப் பக்கத்தில் இருந்தது. யாரோ ஒருத்தியின் கையைப் பார்ப்பதுபோல அவள் அதைப் பார்த்தாள்.

யோசித்தபோது ஞாபகம் வந்தது. ஆராய்ச்சி தொடங்கிய புதிதில் ஓர் உருளை வளையத்தில் சரியாக உட்காராமல் சோதனையே வீணானது. அதற்குப் பிறகு தட்டிச் சத்தத்தைக் கேட்டு, உட்கார்ந்துவிட்டதா என்று பார்க்கத் தொடங்கினாள். பின்னாளில் நல்ல வளையம் வந்தது, தட்டத் தேவையில்லாமல் போனது. தேவை போனதைக் கைக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அப்படியானால் ஒவ்வோர் உருளையையும் தட்டினாளா? சிலதை மட்டுமா? எவ்வளவு ஓங்கி? எதுவும் நினைவில்லை. சோதனையைப் படம் பிடிக்கும் காமிராவும் எந்திரத்தின் கண்ணாடிக் கதவை மூடிய பிறகுதான் ஓடும். சந்தேகம் தனியாக ஏற்றிய உருளையை மட்டும் யாரும் தட்டியிருக்கவில்லை.

இதில் மோசமானது என்னவென்றால், அவள் தட்டுவது ஸ்கேன் எடுத்த பிறகு. அளந்தது ஓர் உருவம், நசுக்கியது வேறொரு உருவம். சூத்திரத்தில் ஒரு திருத்த எண் உண்டு. முதலில் நசுக்கிய உருளைகளைப் பார்த்து அவள் எடுத்த எண் அது. விளிம்புகளின் விளைவு என்று அதற்கு விளக்கம் சொல்லி ஓர் அத்தியாயமே எழுதியிருந்தாள். அது விளிம்பே அல்லாமல் அவளுடைய விரல் மூட்டாக இருந்தால்? இத்தனை வருடங்கள் அலுமினியத்தைப் பற்றி எழுதுவதாக நினைத்துக்கொண்டு தன் கையைப் பற்றியே எழுதியிருந்தால்?

தட்டிய உருளையைக் கழற்றி மறுபடி ஸ்கேன் செய்தார்கள். தட்டிய இடத்தில் ஏதோ ஒரு பள்ளம், இருக்கிறது என்றால் இருக்கிறது, இல்லை என்றால் இல்லை. ஸ்கேனரின் பிழையளவும் அதே அளவுதான். சரி, நசுக்கிவிடுவோம் என்று நசுக்கினார்கள். அவளுடைய சூத்திரம் சொன்ன சுமையில், சொன்னபடி, படக்கென்று மடங்கியது. அவள் ஒரு நொடி மகிழ்ந்தாள். அடுத்த நொடியே அந்த மகிழ்ச்சியைச் சந்தேகம் கெடுத்தான். சூத்திரம் உண்மையாக இருந்தாலும் இப்படித்தான் விழும், தட்டியதால் என்றாலும் இப்படித்தான் விழும் என்றான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது போதாதென்று, அந்தப் பூதத்துக்கு இரண்டு முகம்.

வீட்டுக்கு வந்து கணவனிடம், நான் பொருட்களைத் தட்டும் வழக்கம் உள்ளவளா என்று கேட்டாள். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதும் அவர் வலது கால் இல்லாத பிரேக்கை மிதிக்கும். அவர் சிரித்துவிட்டார். தர்பூசணி, புதுப் பாத்திரம், பூட்டிய கதவு, தூங்குகிற பிள்ளையின் முதுகு என்று அடுக்கிக்கொண்டே போனார். பெண் பார்க்க வந்த அன்று அவருடைய ஹெல்மெட்டைக்கூடத் தட்டிப் பார்த்தாளாம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்றார்.

"எல்லாத்தையுமேவா? எப்பவுமேவா?" என்று அவள் கேட்ட விதத்தில் அவர் சிரிப்பு நின்றது. டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"அது எப்படித் தெரியும்? நீ தட்டும்போது காதுல விழும். தட்டாம விட்டத யாரு கவனிக்கிறா?"

அன்று சமையலறையில் அவள் சும்மா இருக்கும் பாத்திரங்களைத் தட்டிப் பார்த்தாள். தெரிந்து தட்டும்போது அது அவளுடைய தட்டாக இல்லை. ஒருமுறை ஓங்கி விழுந்தது, ஒருமுறை பட்டும் படாமலும் போனது. தன் கையின் சாதாரண பலத்தைத் தன்னாலேயே திரும்பச் செய்து காட்ட முடியவில்லை. மகள் வந்து, "யாரும்மா கதவத் தட்டுறா?" என்று கேட்டாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மறுநாள் மேடத்திடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அவள் ஆய்வுக்கு வழிகாட்டி அந்த அம்மாள்தான். கடிந்து பேசத் தெரியாதவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கடைசிவரை கேட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்லமாட்டேன் என்றார். ஓர் உருளை ஒத்துப்போகவில்லை என்று ஆய்வேட்டில் ஒரு வரி எழுது, அது நேர்மைதான். இந்த உருளைகள் உலகத்தில் யாருக்கும் முழுசாக ஒத்துப்போனதில்லை, யாரும் அதற்காகக் குறை சொல்லமாட்டார்கள் என்றார்.

"கடைசி உருளை எங்கயும் ஓடிப்போகாதும்மா. பட்டம் வாங்கிட்டு வந்து நசுக்கு. இப்ப நசுக்கி அதுவும் மேல போச்சுன்னா, உனக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்ச பிறகு உன்னால அந்த ஒரு வரியோட நிறுத்த முடியாது."

அவர் சொன்னதில் அவளால் ஒரு குறையும் காண முடியவில்லை. அதுதான் அவளை இன்னும் குழப்பியது. தப்பான யோசனை என்றால் மறுத்திருப்பாள். சரியான யோசனை என்றால் மனம் ஏன் ஒப்பவில்லை? தெரியாமல் இருப்பதற்குத்தானா இத்தனை காலம் படித்தோம் என்று ஒரு நேரம் தோன்றும். பிள்ளையைக் காய்ச்சலோடு விட்டுவிட்டு வந்த நாட்கள், கணவரின் ஒற்றைச் சம்பளம், வாங்காமல் விட்ட வீடு எல்லாம் நினைவுக்கு வந்து, போதும் தாயே என்று மறுநேரம் தோன்றும். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மதியம்வரை ஆய்வேட்டைத் திறந்து அந்த ஒரு வரியை எழுதினாள், அழித்தாள், வேறு மாதிரி எழுதினாள். எப்படி எழுதினாலும் இலக்கணச் சுத்தமாக இருந்தது. எப்படி எழுதினாலும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பிறகு எழுந்து போய் சந்தேகத்திடம், கடைசி உருளையை நீயே ஏற்று என்றாள். அவன் நம்பாமல் இரண்டு முறை கேட்டான். வாயைத் திறந்தால் தானே வேண்டாம் என்று சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் அவள் கைகள் இரண்டையும் அக்குளில் இறுக்கிக்கொண்டு சுவரோரம் நின்றாள். அவன் உருளையை ஸ்கேனரிலிருந்து எடுத்து வளையத்தில் மெல்ல இறக்கினான். அவளுடைய நடுவிரல் தானாக மடங்குவதை அவள் உணர்ந்தாள். அவன் கண்ணாடிக் கதவைச் சாத்தி எந்திரத்தை ஓடவிட்டான்.

மேல்தட்டு இறங்குவது கண்ணுக்குத் தெரியாது, திரையில் கோடு ஏறுவதுதான் தெரியும். கோடு ஏறியது. விழு, விழுந்துவிடு, என் கண்ணல்லவா என்று மனசுக்குள் கெஞ்சினாள். விழுந்தால் சூத்திரம் பிழைத்தது, மாதக் கடைசி பிழைத்தது, மாமியாருக்குச் சொல்ல ஒரு பதிலும் கிடைத்தது. கோடு அவளுடைய எண்ணை நெருங்கியது, தொட்டது, அதன்மேல் ஏறி நடந்தது. உருளையிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"நிறுத்தட்டுமா அக்கா?"

சந்தேகத்தின் விரல் பொத்தான்மேல் இருந்தது. இப்போது நிறுத்தினால் உருளை மிஞ்சும், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். வாயைத் திறந்தாள், நிறுத்து என்றுதான் சொல்ல நினைத்தாள். விழு என்று கெஞ்சிக்கொண்டிருந்த மனம் எப்போது விழாதே, நில்லு என்று மாறியது என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் ஆறு வருடத்தைத் தூக்கிச் சாப்பிட்டுக்கொண்டு நிற்கும் ஒரு தகரத்தைப் பார்த்து இவ்வளவு சந்தோஷம் எதற்கு வர வேண்டும், கண் ஏன் கலங்க வேண்டும்? எதுவும் புரியவில்லை. கைகள் எப்போதோ அக்குளை விட்டு வெளியே வந்து தொங்கின.

"ஏத்து," என்றாள்.

கண்ணாடிக்குப் பின்னால், உருளையின் உடம்பில் கூரை விளக்கின் வெளிச்சம் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக விழுந்திருந்தது. நெளியப் போகும் உருளையில் முதலில் நடுங்குவது அந்தக் கோடுதான். இருவரும் அதையே பார்த்தார்கள். சுமை ஏறிக்கொண்டிருந்தது, வெளிச்சக் கோடு நேராக இருந்தது.