ஓரத்தில் தெரிகிற துணி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஜன்னல் வழியாகக் கிடைத்தது. எதிர் வீட்டின் பின்பக்கத்தில் ஒருவர் மண்டி போட்டு, தரையின் ஓரத்தில் கிடந்த ஜல்லியைக் கையால் விலக்கிப் பார்த்தார். பிறகு யாராவது கவனிக்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். நான் திரைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். தான் போட்ட தரையைத் தானே திருட்டுத்தனமாகச் சோதிக்கிற ஆள் எதைத் தேடுவார்? போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் உண்மை தெரிந்துவிடும், பிறகு நான் என்னத்தை எழுதுவது?

தொடக்கம் ஒன்று: செயற்கைப் புல்லுக்குத் தண்ணீரும் வேண்டாம் உரமும் வேண்டாம், ஆனால் அதற்கடியில் இருக்கிற… [விளம்பர நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. விட்டுவிட்டேன்.]

தொடக்கம் இரண்டு: மேஸ்திரி காலையிலிருந்தே ஓரத்து ஜல்லியை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். [இது இருக்கட்டும்.]

2

ஏன் பார்த்தார் என்று சொல்கிறேன். அந்த எதிர் வீடு ஓய்வு பெற்ற ஒரு டீச்சருடையது. அவர் கணவருக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. தினமும் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பின்பக்கமோ சுத்தக் களிமண். மழையில் வழுக்கும், வெயிலில் வாய் பிளக்கும். மனிதர் அதில் இரண்டு முறை விழுந்துவிட்டார். அதனால்தான் இந்தச் செயற்கைப் புல் ஏற்பாடு.

களிமண்மேல் புல்லை அப்படியே பாய் மாதிரி விரித்துவிட முடியாது. ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுக்க வேண்டும். அதன்மேல் கெட்டியான துணி, துணிமேல் ஜல்லி, ஜல்லிமேல் கல்தூள். எல்லாவற்றையும் மெஷினால் இடித்து இறுக்க வேண்டும். துணி இல்லாவிட்டால் ஜல்லியைக் களிமண் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிடும். ஒரே மழைக்காலத்தில் தரை குழி குழியாகிவிடும்.

துணி விரிக்கிற அன்று மேஸ்திரி மனைவியைப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருந்தார். "என் தம்பிதான் அங்க இருக்கான்ல, அவன் பாத்துக்குவான்" என்றாள் அவள். மறுநாள் வந்து பார்த்தால் ஜல்லி கொட்டி, இடித்து, எல்லாம் முடிந்திருந்தது. நான்கு ஓரத்திலும் துணி நான்கு விரல் உயரத்துக்கு மேலே எட்டிப் பார்த்தது. கத்தரித்து வைத்தது போல அவ்வளவு ஒழுங்கு. அந்த ஒழுங்குதான் அவரை உறுத்தியது.*

* இந்தத் தொழிலில் ஒரு தில்லுமுல்லு உண்டு. துணியைப் பட்டை பட்டையாக வெட்டி ஓரத்தில் மட்டும் செருகிவிட்டு, நடுவில் வெறும் மண்மேலேயே ஜல்லியைக் கொட்டிவிடுவார்கள். மேலிருந்து பார்த்தால் பிரம்மாவாலும் கண்டுபிடிக்க முடியாது. யாரோ ஒருவன் இப்படிச் செய்த கதையை மைத்துனனிடம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவரே நம் மேஸ்திரிதான்.

3

மைத்துனனைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. முதல் பிரதியில் அவனுக்குத் திருட்டு முழி வைத்திருந்தேன். பிறகு அடித்துவிட்டேன். முழியைக் காட்டி ஒருவனைக் குற்றவாளியாக்குவது மட்டமான வேலை.

"மாப்ள, துணி முழுசா விரிச்சியா?"

"விரிச்சேன் மாமா."

"நடுவுலயும்?"

"நடுவுல விரிக்காம கூரை மேலயா விரிப்பாங்க?"

"மிஞ்சின துணிச் சுருள் கொஞ்சம் பருமனா இருக்கே."

"கடைக்காரன் தாராளமா அளந்திருப்பான்."

கடைசிப் பதிலை எழுதி முடித்ததும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எந்தக் கடைக்காரர் தாராளமாக அளந்திருக்கிறார்? [ஆனால் அதை அவன் வாயில் திணித்தது நான்தானே.]

மேஸ்திரி கடப்பாரையை எடுத்தார். நடுவில் ஒரு சாண் தோண்டினால் போதும், விஷயம் தெரிந்துவிடும். குழியை மூடிவிடலாம், துணி கிழிந்தால் ஒட்டும் போடலாம். ஆனால் பொண்டாட்டியின் தம்பியை நம்பாமல் தோண்டியதை எதைப் போட்டு மூடுவது? கடப்பாரையை ஊன்றியபடியே நின்றார்.

4

இனி வருவதை நான் திட்டமிடவில்லை.

"தோண்டுங்க மாமா" என்றான் மைத்துனன். "நல்லாத் தோண்டுங்க. ஆனா துணியோட நிறுத்திடாதீங்க. அதுக்குக் கீழயும் பாருங்க."

கீழே என்ன? மேஸ்திரி என்னிடமும் சொல்லாமல் மறைத்திருக்கிறார். மண் வெட்டிய அன்று அதிகாலையில் மழை பெய்திருந்தது. ஈரக் களிமண்ணை இரண்டு நாள் காய விட வேண்டும், இல்லாவிட்டால் மேலே போட்டதெல்லாம் பிறகு இறங்கிவிடும். அவரோ டீச்சர் வீட்டுக்காரரிடம், "வெள்ளிக்கிழமை நீங்க நடக்கலாம் சார்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். அவசரத்தில் ஈர மண்மேலேயே மெஷினை ஓட்டிவிட்டார். பிசைந்த மாவு மாதிரி தரை நெளிந்தது. மேலே காய்ந்த மண்ணைத் தூவி மறைத்துவிட்டார்.

"அன்னைக்கு மண்ணு ஏத்துற வண்டிகிட்ட நின்னு பாத்துட்டுதான் இருந்தேன்" என்றான் மைத்துனன். "ஒரு வார்த்தை கேட்டேனா? நீங்க கேட்டுட்டீங்க."

மேஸ்திரிக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. இவன் இதைச் சொல்வது நியாயத்துக்கா, தோண்ட விடாமல் தடுக்கவா?

எனக்கும் தெரியவில்லை.

5

முடிவு அ: தோண்டுகிறார். துணி இருக்கிறது. மைத்துனன் சட்டையை உதறி மாட்டிக்கொண்டு போய்விடுகிறான். அக்கா வீட்டுப் பக்கம் அப்புறம் அவன் தலைவைத்துப் படுப்பதில்லை.

முடிவு ஆ: தோண்டுகிறார். துணி இல்லை. கத்த வாயைத் திறக்கிறார், ஆனால் எந்த வாயால்…

முடிவு இ: இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் புல்லை விரிக்கிறார்கள். [இதைத்தான் மூன்று தடவை எழுதினேன். தங்குதடையில்லாமல் வந்தது. எனக்குப் பயமாகிவிட்டது.]

நான் இப்படித் தடுமாறிக்கொண்டிருந்தபோது பின்கதவு திறந்தது. டீச்சரின் கணவர். ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கை டீச்சரின் தோள்மேல். காலில் புது ஷூ, நாடாவெல்லாம் கட்டித் தயாராக.

"புல்லை விரிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கறேன்" என்றார். பேச்சு சற்றுக் குழறியது. "மழை பேஞ்சா இந்தத் தரை எறங்காதுல்ல?"

மேஸ்திரி ஊன்றியிருந்த கடப்பாரையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை விழுந்தா எந்திரிக்கவே முடியாதுங்கறாங்க. இவ பயப்படாதீங்கன்னு சொல்றா, இவளுக்கு என்ன தெரியும்? நீங்க ரெண்டு பேரும் தொழில் தெரிஞ்சவங்க. நீங்க சொல்லுங்க. நான் நம்பறேன்."

இங்கே ஒரே ஒரு வார்த்தை எழுத வேண்டும். மேஸ்திரியின் வாயில் வைத்துப் பார்த்தேன், மைத்துனனின் வாயில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பேரையும் இவ்வளவு நேரம் சந்தேகப்பட்டுவிட்டு, அவர்கள் என்ன சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நீங்கள் எழுதுங்கள். ஆனால் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று இதை மூடி வைத்துவிடாதீர்கள். அவர் பின்வாசற்படியில் காத்துக்கொண்டிருக்கிறார். ரொம்ப நேரம் அவரால் நிற்க முடியாது.