உண்ணாமலை சொல்வதை ஜாய்ஸ் சொல்கிறாள்

1

இது கதையாக ஆகியிருக்க வேண்டியதே இல்லை. பத்தாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, பதினொன்றாவதில் ஆங்கில வழி வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளைகளுக்கு எப்படிக் கைகொடுப்பது என்று ஒரு கட்டுரை எழுத ஆரம்பித்தேன். நேர்கூற்று, அயற்கூற்று பற்றி ஒரு பத்தி வந்தது. எடுத்துக்காட்டு வேண்டும். இலக்கணப் புத்தகங்களில் இந்த இடத்தில் ராமு என்று ஒருவன் வருவான். 'எனக்கு உடம்பு சரியில்லை' என்பான். பல தலைமுறையாக அவனுக்குக் குணமாகவில்லை. அவனைப் படுக்கவிட்டு, ஆரணியில் ஒரு பெண்ணை அந்த வாக்கியத்தில் உட்காரவைத்தேன். அவள் வாக்கியத்தைவிட்டு எழுந்து போய்விட்டாள். பின்னால் போனதில் கட்டுரை கெட்டது.

முதல் தொடக்கம்: '1999. தறிச் சத்தத்தில் கண்விழித்த உண்ணாமலை—'

வேண்டாம். ஆரணியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் தறிச் சத்தத்தில்தான் கண்விழிக்கவைக்கிறார்கள். அங்கே அலாரம் வைத்து எழுகிறவர்களும் உண்டு.

இரண்டாவது: 'ஆங்கிலம் என்னும் கடலின் கரையில்—'

இதை அடித்ததற்குக் காரணம் கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

மூன்றாவது: 'ஜாய்ஸ் கம்ப்யூட்டரை விடமாட்டேன் என்கிறாள்.'

இது பரவாயில்லை. ஆனால் ஜாய்ஸ் யார் என்று சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

2

உண்ணாமலை சேவூரிலிருந்து டவுன் பஸ்ஸில் ஆரணியில் இருக்கும் பள்ளிக்கு வருகிறாள். பெண்கள் பள்ளி, அதற்கு நான் பெயர் வைக்கவில்லை. பிளஸ் ஒன், கம்ப்யூட்டர் குரூப். அந்தக் குரூப் ஆங்கில வழியில் மட்டும்தான் உண்டு.

அதில் ஏன் சேர்ந்தாள்? பட்டுப்புடவைக்கு டிசைன் போடும் கடை ஒன்றுக்கு அப்பாவோடு போயிருந்தாள். அங்கே புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. திரை முழுக்கச் சின்னக் கட்டங்கள். ஒரு கட்டத்தைக் கறுப்பாக்கினால், தறிக்கு மேலே மாட்டும் அட்டையில் ஒரு துளை விழும். துளை விழுந்த இடத்தில் தறியில் ஓர் இழை மேலே எழும்பும். அப்படி எழும்பியும் எழும்பாமலும் பார்டரில் ஒரு மயில் வந்துவிடும். (இதை இன்னும் இரண்டு பக்கம் விளக்க எனக்கு ஆசை. உங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்துகிறேன்.)

அவள் மவுஸைத் தொடப் போனாள். கடைக்காரர், "யம்மா, கைய எடு. தெரியாம தொட்டா எல்லாம் பூடும்" என்றார்.

சரி, தெரிந்துகொண்டு வந்து தொடுகிறேன் என்று முடிவு செய்தாள். வேறு லட்சியம் ஏதாவது கொடுத்துப் பார்த்தேன். வாங்கிக்கொள்ளவில்லை.

ஆபத்து என்னவென்றால், தலைமையாசிரியை ஓர் அறிவிப்புச் செய்திருந்தார். காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் தமிழ் வழியிலிருந்து வந்தவர்களை ஒவ்வொருவராக எழுப்பிக் கேள்வி கேட்பார். ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தெரியாதவர்களை வேறு குரூப்புக்கு மாற்றிவிடுவார். அங்கே கம்ப்யூட்டர் கிடையாது.

3

ஆங்கில ஆசிரியை அபிதகுசாம்பாள்* முதல் நாளே ஒரு விதி போட்டார். "என் பீரியட்ல யாரும் வாய மூடிகினு உக்காரக் கூடாது. இங்கிலீஷ் வரலையா, தமிழ்ல சொல்லு. பக்கத்துல கீறவ எழுந்து அத இங்கிலீஷ்ல சொல்லணும். 'ஷி சேஸ் தட்'னு ஆரம்பிக்கணும்."

* ஆசிரியையின் பெயரும் மாணவியின் பெயரும் திருவண்ணாமலையில் இருக்கும் ஒரே அம்மனுடையவை. ஒன்று வடமொழி, மற்றொன்று தமிழ். நான் திட்டமிட்டதில்லை. ஆனால் வாசகர்கள் பாராட்டினால் ஏற்றுக்கொள்வேன்.

நல்ல விதி. எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். 'நான் வரமாட்டேன்' என்று ஒருத்தி சொன்னால், தமிழில் நாம் அதை அப்படியே தூக்கிப் பின்னால் ஒரு 'ன்னு' ஒட்டிவிடுகிறோம்: 'நான் வரமாட்டேன்னு சொன்னா.' பொட்டலத்தைப் பிரிப்பதில்லை. ஆங்கிலம் பிரித்துப் பார்த்துத்தான் உள்ளே விடும். உண்ணாமலையின் 'நான்', ஜாய்ஸின் வாய்க்கு வரும்போது 'ஷி' ஆகிவிடும். உண்ணாமலை ஜாய்ஸைப் பற்றிச் சொன்னாலோ, அது 'ஐ' ஆகிவிடும்.

ஜாய்ஸ்தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள். அம்மா நர்ஸ். எல்.கே.ஜி.யிலிருந்து ஆங்கிலவழி. ஆரம்பத்தில் அவளுடைய மொழிபெயர்ப்பு கொஞ்சம் தாராளமாக இருந்தது.

"நா சொன்னது நாலு வார்த்தைடி. நீ இன்னா அவ்ளோ நேரம் பேசிகினு கீற?"

"இங்கிலீஷ்ல அப்டிதாண்டி ஆவும்."

"நேத்து நா அவ்ளோ சொன்னேன். நீ ரெண்டு வார்த்தைல முடிச்சிட்ட?"

"அதுவும் அப்டிதாண்டி."

4

இப்போது மூன்றாவது தொடக்கம் செல்லுபடியாகும். ஜாய்ஸ் கம்ப்யூட்டரை விடமாட்டேன் என்கிறாள். லேபில் இரண்டு பேருக்கு ஒன்று. கீபோர்டு எப்போதும் ஜாய்ஸ் முன்னால். ஒரு நாள் ஆங்கில வகுப்பில் உண்ணாமலை எழுந்துவிட்டாள்.

"மிஸ், லேப்புல இவ ஒரு நாள்கூட என்னைக் கம்ப்யூட்டரத் தொட வுடல மிஸ். ஒரே பேஜார் பண்ணிகினு கீறா."

மிஸ் ஜாய்ஸைப் பார்த்தார். "ம், சொல்லு."

"நானா மிஸ்? என் மேல கம்ப்ளெய்ன்ட் மிஸ் இது. அத நானே சொல்றதா?"

"பக்கத்துல வேற யாரு கீறா? எழுந்துரு."

ஜாய்ஸ் எழுந்தாள். "ஷி சேஸ் தட் ஐ டு நாட் லெட் ஹர் டச் த கம்ப்யூட்டர்."

நான் அவளைக் கம்ப்யூட்டரைத் தொட விடுவதில்லை என்று அவள் சொல்கிறாள். பிழையில்லாத வாக்கியம். வகுப்பு கைதட்டியது.

"மிஸ், பேஜார வுட்டுட்டா மிஸ்!"

"அதுக்கு இங்கிலீஷ்ல வார்த்தை இல்லடி."

"ஏன், அங்க யாரும் யாரையும் பேஜார் பண்றதே இல்லியா?"

மிஸ் அகராதியைத் தேடும் பாவனையில் குனிந்துகொண்டார்.

ஜாய்ஸைப் பற்றி எனக்கு இங்கே ஒரு சந்தேகம் வந்தது. முதல் வரைவில் அவளைத் திமிர் பிடித்தவளாக எழுதியிருந்தேன். [உதட்டைச் சுழித்த ஜாய்ஸ், தன் விலையுயர்ந்த கைக்கடிகாரத்தை—] நர்ஸ் மகளுக்கு விலையுயர்ந்த கைக்கடிகாரம் எப்படி வந்தது என்று யோசித்தபோது பேனா நின்றது. பிறகு லேபில் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்று பார்த்தேன். அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியவில்லை. என்ன அடித்தாலும் திரையில் 'பேட் கமாண்ட்' என்று வருகிறது. இங்கிலீஷ் தெரிந்தவளுக்கு இது தெரியாதா என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கீபோர்டை விட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் விடுவதில்லை. (உண்ணாமலையிடம் சொல்லிவிடாதீர்கள்.)

5

தலைமையாசிரியை வந்த நாள். கடைசி பெஞ்சிலிருந்து பேசுகிறவர்கள் சொல்வது அவருக்கு எட்டாது, காது கொஞ்சம் மந்தம். உண்ணாமலையை எழுப்பி, இந்தக் குரூப்பை ஏன் எடுத்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பழக்கதோஷத்தில் ஜாய்ஸும் பாதி எழுந்தாள். "நீ உக்காரு" என்றார்.

உண்ணாமலை, கடவுளே, ஆங்கிலத்தில் பேசினாள்:

"ஷி சேஸ் தட் ஷி வான்ட்ஸ் டு டச் த கம்ப்யூட்டர்."

"ஹூ?"

"ஷி, மேடம்."

"ஹூ இஸ் ஷி?"

உண்ணாமலை தன் நெஞ்சில் கை வைத்துக் காட்டினாள்.

வகுப்பு சிரித்தது. நீங்கள் சிரிக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள். பள்ளி திறந்ததிலிருந்து அவள் நினைத்ததெல்லாம் ஆங்கிலத்தில் அவள் காதுக்கு எப்படி வந்தது? 'ஷி' என்றுதான் வந்தது. 'ஐ' என்று வந்தபோதெல்லாம் அது ஜாய்ஸ். ஆகவே ஆங்கிலத்தில் தன் பெயர் 'ஷி' என்று அவள் முடிவுசெய்திருக்கிறாள். இதில் எந்த இடத்தில் அவள் தவறாக யோசித்தாள் என்று என்னால் காட்ட முடியவில்லை.

உட்காராமலே ஜாய்ஸிடம் குனிந்து கேட்டாள். "கரெக்டாதானேடி சொன்னேன்?"

"கிராமர் கரெக்டுடி. ஆளுதான் மாறிட்ச்சு."

தலைமையாசிரியை பேனாவைத் திறந்தார்.

6

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: தலைமையாசிரியை வாய்விட்டுச் சிரித்து, 'இவள் இங்கேயே இருக்கட்டும்' என்கிறார். அவரைச் சிரிக்கவைக்க நாலு நாள் முயன்றேன். முடியவில்லை.

இரண்டு: உண்ணாமலை திடீரென்று சரளமாக ஆங்கிலம் பொழி— சே.

மூன்று: அவளை மாற்றிவிடுகிறார்கள். இது நடக்கக்கூடியது, நிறைய நடந்தும் இருக்கிறது. ஜாய்ஸுக்கு முழுக் கம்ப்யூட்டரும் கிடைத்துவிடும். பக்கத்தில் யாரும் இல்லை, குட்டும் பத்திரம். எழுதிவிட்டுப் படித்தேன். கிழித்துவிட்டேன்.

மிச்சம் இருப்பது இவ்வளவுதான். அபிதகுசாம்பாள் மிஸ் எழுந்து, "மேடம், எங்க கிளாஸ்ல ஒரு பழக்கம். அவ தமிழ்ல சொல்லுவா, பக்கத்துல கீறவ இங்கிலீஷ்ல சொல்லுவா. ஒரே ஒரு தடவ கேட்டுட்டு எழுதுங்க" என்கிறார். தலைமையாசிரியை பேனாவைத் தூக்கியபடி தலையாட்டுகிறார்.

உண்ணாமலை பேசுகிறாள். பயத்தில் குரல் பாதியாகிவிட்டது. அடுத்த பெஞ்சுக்குக்கூடக் கேட்கவில்லை.

"ஒரு கட்டத்த மாத்துனா பொடவைல இன்னா மாறுதுன்னு நான் பாக்கணும் மேடம். கை வெக்கக்கூட வேணாம். பக்கத்துல உக்காந்து பாத்துகினாவது இருக்கேன். வேற குரூப்புக்கு மட்டும் அனுப்பிடாதீங்க."

"வாட்?" காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு தலைமையாசிரியை ஜாய்ஸைப் பார்க்கிறார். உண்ணாமலை சொன்னது முழுதாகக் கேட்டது ஜாய்ஸ் ஒருத்திக்குத்தான்.

ஜாய்ஸ் எழுந்து நிற்கிறாள்.

"ஷி சேஸ் தட் ஐ—"

இலக்கணப்படி இங்கே 'ஷி' வரவேண்டும். உண்ணாமலை பேசியதில் ஜாய்ஸ் எங்குமே இல்லை. 'ஐ' வர வழியில்லை. ஜாய்ஸ் இலக்கணத்தில் தவறு செய்கிறவளும் இல்லை. அவளாகத்தான் அந்த வாக்கியத்துக்குள் காலை எடுத்து வைத்திருக்கிறாள்.

அடுத்த வார்த்தைக்காக நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வரவில்லை. உங்களுக்கு வந்தால் எழுந்து நின்று சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாக, அவருக்குக் கேட்கவேண்டும்.