கையைத் தளரவிடு

பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்று என் விரல் முட்டியில் வந்து நிற்கிறது, ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்கிறது, அம்மா என் கையை அமுக்கிப் பிடித்திருக்கிறாள், கையைத் தளரவிடுடி, வெறச்சா ஒடஞ்சிரும், கட்டை விரல உள்ள மடக்கு, நான் மடக்குகிறேன், இதே பேச்சை இதே இழுப்போடு சொன்னவர் அப்பா, எனக்கில்லை, அம்மாவுக்கு, தேரோட்டத்துக்கு முதல் நாள் கோவில்பட்டி சந்நிதித் தெருக் கடையில், வளையல்காரரை நம்பாமல் தானே அவள் கையைப் பிடித்துக்கொண்டு, விடுங்க, நாலு பேர் பாக்காங்க என்று அம்மா நெளிய, பாக்கட்டுமே என்று அப்பா சிரிக்க, நான் இருவருக்கும் நடுவில் பஞ்சுமிட்டாய் ஒட்டிய வாயோடு நின்றுகொண்டிருக்கிறேன், எனக்கு எட்டு வயது, இல்லை, எனக்கு இருபத்தாறு வயது, ஏழாம் மாதம், இன்றைக்கு எனக்கு வளைகாப்பு, பத்து வருஷமாக முழங்கை தாண்டிய கை வைத்தே போட்டவள் இன்று குட்டைக் கை போட்டு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, இத்தனை பெண்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், இடது கையில் மெல்லிய வெள்ளைக் கோடுகள், தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அம்மாவுக்குத் தெரியும், தெரிந்தும் கேட்டதில்லை. அப்பா போனபோது நான் பத்தாம் வகுப்பு, பத்தாம் நாள் அம்மாவுக்குப் பட்டுக் கட்டி, பூ வைத்து, கை நிறைய வளையல் அடுக்கி, பிறகு அத்தனையையும் உடைத்தார்கள், அடுக்கிய அதே பெண்கள்தான், உடைத்ததில் அவள் மணிக்கட்டு கீறி நூல் மாதிரி ரத்தம் வந்தது, ஒருவரும் துடைக்கவில்லை, நான் ஓடப்போனேன், பெரியம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள், நீ அழக் கூடாது, நீ அழுதா ஒங்கம்மா ஒடிஞ்சு போயிருவா, நீதான் தைரியமா இருக்கணும், அதையே அம்மாவிடமும் சொல்லியிருப்பாள், அவளுக்கு எல்லோருக்கும் சொல்ல ஒரே புத்திமதிதான். அப்புறம் அந்த வீட்டில் இரண்டு பேர் ஒருவருக்காக ஒருவர் தைரியமாக இருந்தோம், சோறு வைத்தோம், துணி மடித்தோம், அப்பாவின் பெயரைச் சொல்லாமல் ஒரு வருஷத்தை ஓட்டினோம், நல்ல மார்க் எடுத்தேன், பொறுப்பான பிள்ளை என்று தெருவே சொன்னது, பொறுப்பான பிள்ளை ஒரு சாயங்காலம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன் மணிக்கட்டில் அம்மாவுடையது போலவே ஒரு கோடு போட்டுக்கொண்டாள். எப்படி என்பதைச் சொல்லமாட்டேன், அதில் சொல்லிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம், ஒரு பாட்டு முடிகிற நேரம், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது, பிறகு வெட்கம் வந்தது, வெட்கத்தைத் தாங்க முடியாமல் மறுபடியும், இப்படியே, பைத்தியக்காரி.

ஜெனோவாதான் கண்டுபிடித்தாள், பிளஸ் ஒன்னில் என் பக்கத்து இருக்கை, விளையாட்டு வகுப்பில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தபோது என் சட்டைக் கை ஒதுங்கியது, அவள் கத்தவில்லை, ஏன் செஞ்ச என்றுகூடக் கேட்கவில்லை, வலிக்காடி என்று மட்டும் கேட்டாள், அவ்வளவுதான், அப்பாவுக்கு அழ வேண்டியதையெல்லாம் அந்தத் தொட்டியடியில் அழுது தீர்த்தேன், அவளும் அழுதாள், அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, நான் டீச்சர்ட்ட சொல்லப் போறேன், நீ எங்கூடப் பேசாட்டியும் பரவால்ல என்றாள், நானும் ஒன்பது நாள் பேசவில்லை, பத்தாவது நாள் அவள் டப்பாவிலிருந்து மீன் வறுவலைத் திருடித் தின்று சமாதானமானேன். டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார், பிறகு வியாழக்கிழமைதோறும் பெரியாஸ்பத்திரி, மனநல டாக்டரம்மாவிடம் நான் உள்ளே பேசிக்கொண்டிருப்பேன், அம்மா வெளியே பெஞ்சில் புளிசாத டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நாற்பது வியாழக்கிழமை, ஒரு வாரம் தவறியதில்லை, வெளியே வந்ததும் பசிக்கா என்பாள், வேறொன்றும் கேட்கமாட்டாள், அவள் கண் சிவந்திருப்பதைப் பார்த்து நான் என்னம்மா ஆச்சு என்றால் ஒண்ணுமில்ல என்பாள். வீட்டிலிருந்த கண்ணாடிச் சாமானை எல்லாம் மூட்டை கட்டி அனுப்பினாள், டம்ளர், சீப்போடு இருந்த கைக்கண்ணாடி, கடைசியில் அப்பா படத்துக்குப் போட்டிருந்த கண்ணாடியையும் கழற்றிவிட்டாள், அன்றிலிருந்து அப்பா புழுதியில் சிரித்துக்கொண்டிருக்கிறார், தினம் காலையில் அம்மா முந்தானையால் அவர் முகத்தைத் துடைக்கிறாள், துடைத்துத் துடைத்து மீசை வெளுத்துவிட்டது. என்மேல் அவளுக்கிருந்த பிரியத்தை நான் அந்த மீசையில்தான் பார்த்தேன், ஆனாலும் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

இன்று காலையில் அம்மா அடுப்படியைவிட்டு வரவில்லை, தாலியறுத்தவள் வளையல் போடக் கூடாதாம், தேங்காய் சாதம் கிளறிக்கொண்டிருந்தாள், என் மாமியார் வேப்பங்குச்சிக் காப்பை எடுத்துக்கொண்டு வந்து உட்கார, நான் கையை மடியில் இழுத்துக்கொண்டேன், அம்மா வந்து போடட்டும் அத்தை, அப்புறம்தான் மத்தவங்க, வழக்கமில்லையே என்று பெரியம்மா மூலையிலிருந்து ஆரம்பித்தாள், அத்தை என் முகத்தைப் பார்த்தாள், எழுந்து அடுப்படிக்குப் போனாள், மதினி, கரண்டிய எங்கிட்ட குடுங்க, ஒங்க மக அடம் பிடிக்கா, வயித்துப்பிள்ளக்காரி கேட்டு இல்லன்னு சொல்ல எனக்குத் தைரியம் கெடையாது. அந்தக் கரண்டியை வாங்கிய கைக்கு நான் என்ன செய்தாலும் தகும்.

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள், காப்பைப் போட்டாள், சந்தனம் பூசினாள், அவள் விரல் அந்தக் கோடுகள்மேல் வந்ததும் நின்றது, பெண்கள் குலவையிட்டார்கள், ஜெனோவா எங்களைப் பார்த்துவிட்டு எல்லோரையும்விடச் சத்தமாகக் குலவையிட்டாள், அந்தச் சத்தத்துக்கு அடியில் அம்மா குனிந்து கேட்டாள், ரொம்ப வலிச்சிச்சாடி. ஆமாம்மா என்றேன். நீ என்ன விட்டுட்டுப் போகப் பாத்தன்னு நெனச்சேன், அதான் கேக்கவே பயம். போக இல்லம்மா, ஒங்கூட இருக்கத்தான், ஒன் கையில இருந்த மாதிரி எங்கையிலயும். அம்மா தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள், அடி கூறுகெட்டவளே என்றாள், அவள் கண்ணீர் என் சந்தனத்தில் விழுந்தது, எல்லோர் முன்னாலும் அழுதாள், அழுதுகொண்டே பச்சை வளையலை எடுத்தாள், அதுதான் இப்போது முட்டியில் நிற்கிறது, நான் கையைத் தளரவிடுகிறேன், வளையல் முட்டியைத் தாண்டி, பழைய கோடுகளைத் தாண்டி, உடையாமல் போய் உட்காருகிறது.

தட்டில் இன்னொரு பச்சை வளையல் இருந்தது, எடுத்து அம்மாவின் கையைப் பிடித்தேன், ஏய், விடுடி, நாலு பேர் பாக்காங்க, பாக்கட்டுமே என்றேன், அப்பா குரல் மாதிரியே வந்தது, அம்மா இழுத்த கையை நிறுத்தினாள், சமையல் செய்து காய்த்த கை, வளையல் முட்டியில் வந்து நிற்கிறது, வலிக்காம்மா, ஒண்ணுமில்ல என்பாள் என்று காத்திருந்தேன், அம்மா கட்டை விரலை உள்ளே மடக்கினாள், வலிக்குடி, என்றாள், மெல்லத் தள்ளு.