கைப் பாடம் நாளைக்கு

உன்னிச்சைக் குளத்தடியில் இருந்த அந்தச் சின்ன ஊரில் பதினேழு தையல் மெசின்கள் இருந்தன. ஆனால் கை வெட்டத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பதற வேண்டாம், சட்டைக் கையைத்தான் சொல்கிறது.

இதில் ஊராரின் குற்றம் ஒன்றுமில்லை. இரண்டாயிரத்து ஏழில் சண்டைக்குப் பயந்து ஊரே இடம்பெயர்ந்து செங்கலடிப் பக்கத்து முகாமில் கிடந்தபோது, யாரோ புண்ணியவான்கள் பெண்களுக்குத் தையல் வகுப்பு வைத்தார்கள். ஏறாவூரிலிருந்து ஸஹீதா டீச்சர் வந்து படிப்பித்தார். தலையணை உறையில் தொடங்கி, திரைச்சீலை, உள்பாவாடை என்று ஏறி, சட்டையின் உடம்பும் கழுத்தும் வரைக்கும் வந்தாயிற்று. "கைப் பாடம் நாளைக்கு" என்று சொல்லிவிட்டு டீச்சர் வீட்டுக்குப் போனார். மறுநாள் விடியவே முகாம் வாசலில் பஸ்கள் வரிசையாக நின்றன. ஊருக்குத் திரும்பலாம் என்றார்கள். ஊருக்குத் திரும்பலாம் என்று கேட்ட காதுக்கு வேறு எந்தப் பாடம் ஏறும்? பாய், சட்டி, கோழி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் ஏறினார்கள். கை முகாமிலேயே நின்றுவிட்டது.

படித்த பதினேழு பேருக்கும் மெசின்கள் பிறகு வந்தன. அன்றிலிருந்து ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் கையில்லாச் சட்டையோடு திரிந்தார்கள். நல்லது எது நடந்தாலும் பரிசு தலையணை உறைதான். நிவாரணத்துக்கு வந்த விரிப்பு, பழைய சாறி, கோதுமை மா மூட்டைத் துணி என்று அகப்பட்டதையெல்லாம் வெட்டி, ஓரத்தில் பூ வைத்து, ஆளுக்காள் மாறி மாறிக் கொடுத்துக்கொண்டார்கள். ஊரில் தலையணையைவிட உறை அதிகம்.

இந்தப் பதினேழு பேரிலும் கெட்டிக்காரி மேனுகா. வாய்க்காரியும் அவள்தான். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தங்கை தனுஷியாவை வளர்த்தெடுத்தவள். சண்டை ஓய்ந்த இரண்டாயிரத்து ஒன்பதில் தனுஷியாவுக்குக் கடலோரக் களுதாவளையில் மாப்பிள்ளை பொருந்தியது. மாப்பிள்ளை ஜெயரூபன் மேசன் வேலை செய்பவன். நல்ல பிள்ளை, குடிவெறி கிடையாது. ஒரே குறை உயரம். ஏணி வைக்காமல் முகட்டுக்குப் பெயின்ட் அடிப்பான் என்று சொல்லிக்கொண்டார்கள். தனுஷியா அவன் நெஞ்சு மட்டத்துக்கு வந்தாலே பெரிய காரியம்.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் தாய் கண்ணகை பச்சைச் சாறியில் விறைப்பாக வந்து, அசையாமல் கதிரையில் இருந்தா. இடது கை விலாவோடு ஒட்டினபடி. மேனுகா வெற்றிலை வட்டாவை இரண்டு கையாலும் பணிவாக நீட்ட, அந்த மனிசி வலது கையால் மட்டும் வாங்கினா. தண்ணீரும் ஒற்றைக் கையால்தான். இடது காதடியில் ஈ வந்து குந்தியபோதுகூடத் தலையைத்தான் ஆட்டினாவே தவிர, கையைத் தூக்கவில்லை.

"என்ன பெருமை புள்ள இந்த மனிசிக்கு!" என்று பக்கத்து வீட்டுச் சீதேவிப்பிள்ளை மேனுகாவின் காதுக்குள் சொன்னாள். மேனுகாவுக்கும் அப்படித்தான் பட்டது.

கூறைச் சாறி மாப்பிள்ளை வீட்டுச் சீர். கல்யாணத்தன்றுதான் சாறி வரும். சாறியோடு உடுக்கிற சட்டைக்கான துண்டை மட்டும் முன்கூட்டியே வெட்டிக் கொடுத்தனுப்புவார்கள். ஆவணி மாதக் கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னர் கண்ணகையே அதைக் கொண்டுவந்து கொடுத்தா. குங்குமச் சிவப்பு, ஒரு பக்க ஓரத்தில் மட்டும் சரிகைக் கரை.

"செங்கலடியில தைக்கக் குடுக்கப்போறீங்களா?"

"இல்ல மாமி, நானே தைப்பன்."

கண்ணகை அவளை ஒரு மாதிரிப் பார்த்தா. "கையுமா?"

"ஓம் மாமி, கையும் நான்தான்."

சொன்ன நாக்கைக் கடித்துக்கொள்ள அவளுக்கு ஒரு நிமிசம் எடுத்தது. அதற்குள் மனிசி வாசல் தாண்டிவிட்டா. செங்கலடித் தையல்காரர்களிடம் கேட்டால் கார்த்திகைக்கு வரச் சொன்னார்கள். சண்டை முடிந்ததும் ஊருலகம் முழுக்க ஒரே நேரத்தில் கல்யாணம் கட்ட வெளிக்கிட்டிருந்தது.

ஆனால் வாய் தடுமாறிச் சொன்ன சொல்லும் இல்லை அது. மேனுகாவின் சொந்தக் கல்யாணம் முகாமில், கூடாரத்துக்குள் நடந்தது. நிவாரணப் பொதியில் வந்த யாரோ ஒரு பருத்த மனிசியின் சட்டைதான் அவளுக்கு அன்று கிடைத்தது. ஒரு கைக்குள் இரண்டு கையை விடலாம். முதுகில் ஒன்பது பின் குத்தி இறுக்கினார்கள். தாலி ஏறும்போது ஒரு பின் கழன்று குத்த, அவள் "ஆவ்" என்றாள். அந்த நேரம் பார்த்து எடுத்த படம்தான் இன்றைக்கும் சுவரில் தொங்குகிறது. அந்தப் படத்தைப் பார்க்கிறபோதெல்லாம் அவளுக்கு அழுகை வரும். தங்கச்சி அளவான சட்டையோடு, அதுவும் தன் கையால் தைத்த சட்டையோடு மணவறையில் இருக்க வேண்டும். அவளுக்கு அந்த ஆசை ஒன்றே ஒன்றுதான்.

உடம்பும் கழுத்தும் தண்ணி பட்ட பாடு. கைக்கு மேனுகா ஒரு யோசனை கண்டுபிடித்தாள். தனுஷியாவிடம் கடையில் தைத்த பழைய சட்டை ஒன்று அளவாக இருந்தது. அதன் வலது கையைப் பிரித்து, தாளில் வைத்துக் கீறி எடுத்தாள். இடது கையையும் பிரித்தால் திரும்ப இரண்டையும் பூட்டித் தைக்க வேண்டும், வீண் வேலை. கையென்றால் கைதானே! சரிகைக் கரையோரமாக அந்தத் தாளை ஒருமுறை வைத்து வெட்டினாள். பக்கத்தில் தள்ளி வைத்து இன்னொரு முறை வெட்டினாள். துண்டு அளவாக முடிந்தது. மிச்சத்தில் ஒரு பொம்மைக்கும் சட்டை தைக்க முடியாது. எவ்வளவு சிக்கனம் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் தனுஷியா சட்டையைப் போட்டுப் பார்த்தாள். வலது பக்கம் அச்சில் வார்த்ததுபோல் இருந்தது. இடது பக்கம் முறுக்கிப் பிழிந்த துணியாக நின்றது.

"அக்கா, இந்தக் கை பின்னுக்குப் பாக்குது."

"கைய ஒருக்காத் தூக்கு பாப்பம்."

தூக்கினாள். பக்கத் தையல் படக்கென்று விட்டது.

மேனுகா நிலத்தில் இருந்துவிட்டாள். சட்டைக் கைக்கு முன் வளைவு ஆழம், பின் வளைவு குறைவு. வலதுக்கு ஒரு பக்கம், இடதுக்கு மறு பக்கம். அவள் வெட்டியது இரண்டும் வலக் கை. ஒன்றைப் புரட்டிப் பூட்டினால் துணியின் உள்பக்கம் வெளியே வரும், சரிகை உள்ளே போய்விடும். உடனே ஸஹீதா டீச்சருக்குப் போன் எடுத்தாள்.

"டீச்சர், நான் உன்னிச்சை மேனுகா. ரெண்டும் வலக் கையா வெட்டிப்போட்டன்."

"அல்லாஹ்வே! அந்தப் பாடம் நடக்கல்லயே மகள்!" அந்தப் பக்கம் டீச்சர் கொஞ்சம் யோசித்தா. "துணி மிச்சமிரிக்கா?"

"ஒரு நூலும் இல்ல."

"வலக் கை சரியா இரிக்கில்ல? அப்ப பயப்படாதீங்க. இடது பக்கத்த முந்தானை மூடும். விட்ட தையலப் போட்டு, பொண்ண இடது கையத் தூக்காம இரிக்கச் சொல்லுங்க. ஒருத்தருக்கும் தெரியா."

நல்ல யோசனைதான். தனுஷியா இடது முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பார்த்தாள். இருந்து பார்த்தாள். கும்பிட்டுப் பார்த்தாள். எல்லாம் பிழையில்லை. பிறகு திடீரென்று நின்றாள்.

"அக்கா, மாலை?"

கூறை உடுத்தி வந்ததும் பெண் மாப்பிள்ளைக்கு மாலை போட வேண்டும். அந்தப் பனை உயரத்துக்கு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்காமல் எப்படிப் போடுவது? அக்காவும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யாரென்று தெரியாது. சிரிப்பு வந்து, நிற்காமல் வந்து, கண்ணீர் ஓடி, இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து கிடந்தார்கள். சிரித்து முடிந்ததும் மேனுகாவுக்கு அழுகைதான் வந்தது.

கடைசியில் அவள் தன் புருசன் நல்லரத்தினத்தைப் பிடித்தாள். "மாப்பிள்ளைக்குப் போன் எடுத்து, மாலை போடக்குள்ள கொஞ்சம் குனியச் சொல்லுங்க. சட்டைக் கதைய மட்டும் வாய் விட்டுறாதீங்க."

நல்லரத்தினம் வயல் வட்டையில் நெல்லோடு மாரடிக்கிற மனிசன். பொய் சொல்லிப் பழக்கமில்லை. பழக்கமில்லாதவன் சொல்லும் பொய்க்கு அளவும் இருக்காது. போனை எடுத்துக்கொண்டு வேலிக்கு அங்கால் போய், திரும்பி வந்து, "எல்லாம் சரி, சொல்லிற்றன்" என்றான். என்ன சொன்னான் என்று அந்த அவசரத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் முற்றத்துப் பந்தல் நிறைந்து வழிந்தது. களுதாவளையிலிருந்து இரண்டு பஸ்ஸில் ஆட்கள். கண்ணகை முன்வரிசையில், அதே பச்சைச் சாறி, அதே விறைப்பு, அதே ஒட்டிய கை. பரிசு மேசையில் தலையணை உறைகள் மலையாய்க் குவிந்தன. மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருவர், "இந்த ஊரில எந்த நேரமும் நித்திரைதானா?" என்று கேட்டார்.

கூறைத் தட்டத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போன தனுஷியா, குங்குமச் சிவப்பில் வெளியே வந்தாள். பந்தலே எட்டிப் பார்த்தது. அவ்வளவு வடிவு. மேனுகாவின் கண் மட்டும் தங்கையின் இடது முழங்கையை விட்டு அசையவில்லை.

மாலையோடு தனுஷியா போய் முன்னால் நின்றாள். ஜெயரூபன் அவளைப் பார்த்தான். பிறகு நல்லரத்தினத்தைப் பார்த்தான். நல்லரத்தினம் கண்ணை மூடித் திறந்தான். உடனே, அவ்வளவு பெரிய மாப்பிள்ளை, பட்டு வேட்டியோடு தொபுக்கென்று முட்டுக்காலில் நின்று, தலை குனிந்து, கைகளையும் கூப்பினான்.

மேளக்காரர் அடியை விட்டுவிட்டார்.

"டேய், எழும்படா! என்னடா இது?" மாப்பிள்ளையின் மாமன் துள்ளி எழும்பினார்.

"மாமா, இது இவங்கட ஊர் வழக்கமாம்" என்றான் ஜெயரூபன், குனிந்தபடியே.

களுதாவளை முழுக்கத் திரும்பி உன்னிச்சையைப் பார்த்தது. உன்னிச்சைக்கும் அது அந்த நிமிசம்தான் தெரியும். ஆனால் இத்தனை வருசம் எத்தனையோ பேரின் கேள்விகளுக்கு ஒரே வாயாகப் பதில் சொல்லித் தப்பிய ஊர் அது. "ஓம் ஓம், ஆதிகாலத்து வழக்கம்!" என்று சீதேவிப்பிள்ளை எடுத்துவிட, பந்தல் முழுக்கப் பின்பாட்டுப் பாடியது. ஒருவர் தன் கல்யாணத்தில் அரை மணித்தியாலம் முட்டுக்காலில் நின்றதாகச் சத்தியமே பண்ணினார். தனுஷியா முழங்கையை எடுக்காமல், கழுத்தில் வளையம் எறிவதுபோல மாலையைப் போட்டுவிட்டாள். கைதட்டல் குளக்கட்டு வரைக்கும் கேட்டது. அடுத்த மாதம் நடந்த கல்யாணத்திலும் மாப்பிள்ளையை முட்டுக்காலில் நிற்க வைத்தார்கள். அந்த வழக்கம் பிறந்த கதை அது.

தாலி ஏறியது. ஒரு தையலும் விடவில்லை. மேனுகா மூச்சை விட்டாள். விட்ட மூச்சை அப்படியே திரும்ப உள்ளே இழுத்தாள், ஏனென்றால் கண்ணகை எழும்பி வந்துகொண்டிருந்தா.

"பொண்ண ஒருக்கா உள்ளுக்குக் கூட்டி வாங்க. நீங்களும் வாங்க."

அறைக்குள் மூன்று பேர். கண்ணகை கதவைச் சாத்தினா. "புள்ள, இடது கையத் தூக்கு."

தனுஷியா அக்காவைப் பார்த்தாள். மேனுகாவுக்கு அந்த ஒன்பது பின்னும் திரும்பத் தன் முதுகில் குத்துவதுபோல இருந்தது. ஆசை ஆசையாய்த் தைத்த சட்டை, முதல் நாளே மாமியாரிடம் தங்கச்சியைத் தலைகுனிய வைக்கப்போகிறது. "மாமி, பிழை என்னிலதான். அவள ஒண்டும் சொல்லாதீங்க. எனக்குக் கை வெட்டத் தெரியா" என்று அவள் அழத் தொடங்கினாள்.

கண்ணகை தனுஷியாவின் முந்தானையை விலக்கிப் பார்த்தா. சுருங்கி நின்ற கையைத் தடவிப் பார்த்தா.

"ரெண்டும் வலக் கை" என்றா. "முந்தானை மூடும், தூக்காம இரி எண்டு ஸஹீதா டீச்சர்தானே சொன்னவ?"

மேனுகாவின் அழுகை பாதியில் நின்றது. கண்ணகை தன் பச்சைச் சாறி முந்தானையை விலக்கி, இடது கையை மெல்ல மெல்லத் தூக்கினா. படக், படக் என்று இரண்டு தையல் விட்டது. அந்தக் கையும் முறுக்கிப் பிழிந்த துணியாகப் பின்னுக்குப் பார்த்தது.

"கடல் வந்து எல்லாத்தையும் அள்ளிற்றுப் போன மறுகா, முகாமில என்ட கையால தைச்ச முதல் சட்டை இது. எறிய மனம் வரல்ல. இதப் பாத்துத்தான் டீச்சர் தூக்காம இரி எண்டவ. எங்களுக்கும் கைப் பாடம் நாளைக்கு எண்டுதான் சொன்னவ. அண்டைக்கே ஊருக்கு வரச் சொல்லிற்றாங்க. நாலு வருசமா நல்லநாள் பெருநாளில நான் இந்தக் கையத் தூக்கினதில்ல. கண்ணகைக்குப் பெருமை எண்டு ஊரே சொல்லுது. நானும் சொல்லட்டும் எண்டு விட்டுட்டன்."

மூன்று பேரும் கட்டிலில் விழுந்து சிரித்தார்கள். தனுஷியா அன்றைக்கு முதன்முதலாக இரண்டு கையையும் தூக்கி மாமியைக் கட்டிப்பிடித்தாள். இருந்த தையல் எல்லாம் விட்டுப்போயிற்று. மேனுகா அதைப் பார்த்தாள், கவலைப்படவில்லை. உலகத்திலேயே வடிவான சட்டை அதுதான் என்று அவளுக்கு அந்த நேரம் தோன்றியது.

கண்ணகை கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினா. இடது கையை. "டீச்சர்ர நம்பர் இரிக்கில்ல? போனத் தாங்க."

மணி அடித்து, அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"டீச்சர், நான் களுதாவளைக் கண்ணகை. ஓம், சுனாமி முகாம்தான். உன்னிச்சையில நிக்கிறன். இஞ்ச ஒருத்தரும் இனி எங்கயும் போகப்போறல்ல. கைப் பாடம் எப்ப வைப்பீங்க?"