கூடத்தில் போட்ட எட்டு

டிரைவிங் மாஸ்டருக்கு இடுப்பு மூட்டை மாற்றி ஐந்து வாரம் ஆகியிருந்தது. மூன்று மாதத்துக்கு வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னதை, பேரம் பேசிக் குறைக்கவேண்டிய விலையாகத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

ஆனால் தம்பி காத்திருக்கவில்லை. அவர் படுத்த மறுநாளே அவருடைய சீட்டில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டான். அவனையே எல்லோரும் "மாஸ்டர்" என்று கூப்பிடுவது நேற்றுக் காதில் விழுந்ததிலிருந்து இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்று லீவு. கார் வாசலில் நின்றது. சாவி மனைவியிடம்.

"குடுடி அத."

"எதுக்கு?"

"தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பாக்கறேன். நாளைக்கு என் சீட்ல நான்தான் உக்காருவேன்."

"பாத்ரூமுக்கே வாக்கர் வேணும். அய்யாவுக்குக் காரு கேக்குதாக்கும்."

"கம்பத்த இடிச்சவளெல்லாம் பேச வந்துட்டா!"

இருபது வருஷத்துக்கு முன்னால், மைதானத்தில் எட்டுப் போடப் பழகியபோது அவள் ஒரு கம்பத்தை இடித்தாள். பதினோரு பேர் முன்னால் அவளை இறக்கி அந்த எட்டை நடந்தே சுற்றவிட்டார். அன்றிலிருந்து புதிதாகச் சேரும் ஒவ்வொரு கும்பலுக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கவைப்பார். முன்னறையில் அவர் சொல்வது அடுப்படிவரை கேட்கும்.

அவள் சாக்பீஸை எடுத்துவந்து கூடம் நிறைய ஒரு எட்டு வரைந்தாள்.

"வாக்கர் இல்லாம இதச் சுத்தி வாங்க. கோட்ட மிதிக்கலன்னா சாவி உங்களுக்கு."

"இவ்வளவுதானா?"

திரும்பும்போது காலை ஊன்றி உடம்பை முறுக்கக்கூடாது, சின்னச் சின்ன அடியாக எடுத்துவைத்துத்தான் திரும்பவேண்டும் என்று பிசியோ சொன்னது இருவருக்குமே தெரியும். பிரிட்ஜ் கதவில் அதை எழுதி ஒட்டியதே அவள்தான்.

முதல் வளைவைப் பூனை மாதிரி அடிவைத்து முடித்தார்.

"இதுக்குள்ள உங்க தம்பி நாலு தடவ போட்டிருப்பாரு" என்றாள் அவள்.

அவருக்குச் சுருக்கென்றது. அடுத்த வளைவில் ஆபரேஷன் காலை ஊன்றி, ஒரே வீச்சில் திரும்பினார். இடுப்புக்குள் எதுவோ கழன்றது. விழுந்தபோது கால் உள்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது.

"கோட்ட மிதிச்சுட்டீங்க" என்றாள்.

ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். அடுத்து கொழுந்தனுக்கு.

"தம்பி, உங்க அண்ணன் இப்போதைக்கு வரமாட்டாரு. முதல்லேருந்து ஆரம்பிக்கணும். நீங்களே சீட்டப் பாத்துக்கங்க. ஆங், எனக்கும் ஒரு எடம் வைங்க. இந்த எட்ட நான் கத்துக்கணும்."

பிறகு ஈரத் துணியோடு வந்து தரையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"ஏன்டி அழிக்கறே?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"பாத்ரூம்ல வழுக்கிடுச்சுன்னு சொல்லுங்க. எட்டுப் போட்டு விழுந்தேன்னா, அந்தப் பிள்ளைங்க சிரிக்கும்."

கோடு முழுக்க மறைந்தது, அவர் தொடைக்கடியில் கிடந்த ஒரு சாண் தவிர. அவள் துணியைப் பிழிந்துகொண்டு காத்திருந்தாள்.

"கொஞ்சம் நகருங்க."