எந்த விலாசம்?

இணைய இணைப்பை மட்டும் கணவன் வில்மர் பேரிலேயே புது வீட்டுக்கு மாற்றிவிட வேண்டும் என்று எடில்மா விடாப்பிடியாக நின்றாள். பல் மருத்துவமனைக்கு வீட்டிலிருந்தே ஃபோன் எடுக்கும் வேலை அவளுடையது. நெட் இல்லாவிட்டால் வேலை இல்லை. ஆனால் காரணம் அது மட்டுமல்ல. இப்போது இருக்கும் லவுரெலெஸ் வீட்டின் வாடகை ஏறிவிட்டதால் மலைமேல் மன்ரிக்கேயில் சின்னதாக ஒரு வீடு பிடித்திருந்தார்கள். "நீ முன்னால போ, மாசக் கடைசில வந்துடறேன். அதுவரைக்கும் வேலைக்குப் பக்கத்துல கூட்டாளி ரூம்ல இருந்துக்கறேன்" என்று வில்மர் சொல்லியிருந்தான். அவன் பேராவது முதலில் அந்த வீட்டுக்குப் போய்ச் சேரட்டும், ஆளும் பின்னால் வருவான் என்று அவள் மனசு கணக்குப் போட்டது.

இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவரே பேச வேண்டும் என்பது கம்பெனியின் சட்டம். வெளியே மழை. வில்மர் தட்டுமுட்டுப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்ததால் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்திருந்தாள்.

"வணக்கம் வில்மர் சார், வீடு மாறறீங்களா, சந்தோஷம்" என்றாள் கடலோர ஊர்ப் பேச்சு இழுவையில் ஒரு கம்பெனிப் பெண். "உங்க பேர்ல ரெண்டு இணைப்பு காட்டுது. எந்த விலாசத்தை மாத்தணும்?"

"ஒண்ணுதாம்மா இருக்கு."

"இல்ல சார். லவுரெலெஸ்ல ஒண்ணு, பெயோ ஊர்ல ஒண்ணு. பெயோல போன ஏப்ரல்ல போட்டீங்க. முந்நூறு மெகா ஸ்பீடு."

டேப் பாதியில் நின்றது.

"நமக்கு அம்பதுதான்" என்றாள் எடில்மா. "படம் நின்னு நின்னு வருதுன்னு எத்தனை தடவை சொன்னேன். 'காசு மரத்துலயா காய்க்குது'ன்னியே."

"எடில்மா, அது வந்து..."

"யாரு அங்க?"

அவன் டேப்பின் நுனியை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான். அவள் மனசு இன்னொரு கணக்கைப் போட்டது. ஏப்ரலில்தான் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் வர ஆரம்பித்தது. துவைத்து இஸ்திரி போட்ட சட்டையைத் தந்து அனுப்பியது அவள்தான்.

எதை மாற்றுவது என்று தயங்குகிறார்கள் என நினைத்தாளோ என்னவோ, ஃபோன்காரி உற்சாகமாகச் சொன்னாள்: "ரெண்டு வீட்டையும் ஒரே திட்டத்துல சேர்த்துட்டா தள்ளுபடி உண்டு சார். நிறையக் குடும்பங்க அப்படித்தான் வெச்சிருக்காங்க."

எடில்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

கீழே சாமான் ஏற்ற வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தார். "அக்கா, மெத்தை நனையுது!"

அவள் ஃபோனைக் கையில் எடுத்தாள். "தள்ளுபடி வேண்டாம்மா. லவுரெலெஸ் இணைப்பை என் பேருக்கு மாத்தி மன்ரிக்கேக்குக் கொடுங்க."

"சார் சம்மதம் சொல்லணும் மேடம்."

"சொல்லு" என்று ஃபோனை அவன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"இப்ப எதுக்கு அவசரம், வீட்டுக்குப் போய் நிதானமா..."

"எந்த வீட்டுக்கு?"

அவன் தலை குனிந்தான். "சம்மதம்."

"நன்றி சார். மேடம், உங்களுக்கும் சாருக்கும் என்ன உறவு? மனைவி, சொந்தக்காரர், வாடகைக்கு இருக்கறவர், மத்தவை."

"அதை எழுதித்தான் ஆகணுமா?"

"காலியா விட்டா கம்ப்யூட்டர் நகராது மேடம்."

பதினோரு வருஷம் வாழ்ந்த வீட்டின் சுவரில், படம் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. நேற்றாக இருந்தால் அவள் கரைந்திருப்பாள்.

"மத்தவைன்னு போடுங்க."

"ஆச்சு மேடம். சனிக்கிழமை ஆள் வருவார், யாராவது வீட்ல இருக்கணும்."

"இருப்பேன்" என்றாள். அழுகை வருவதற்குள் ஃபோனை வைத்துவிட்டு, அவன் டேப் ஒட்டி முடிக்காத பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.