வீட்டுக்காரிக்குக் கிடைத்த பத்து வாரம்

கோர்ட்டுக்கு எதிரே வரிசையாக ஏழு டைப்பிங் கடைகள். மூன்றாவது கடைக்காரருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் 'கமா'தான். எவ்வளவு பெரிய வக்கீல் வந்தாலும், "சார், இந்த இடத்துல ஒரு கமா வேணும், இல்லைன்னா அர்த்தமே மாறிடும்" என்று நிறுத்திவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார். இருபத்திரண்டு வருஷமாக அடித்து அடித்து, எந்த மனு கவுண்டரில் நிற்கும், எது போன வேகத்தில் திரும்பி வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இளம் வக்கீல்கள் காகிதத்தைக் கொடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு காலத்தில் அவருக்கும் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தது. சேரவில்லை. யாரும் தடுக்கவில்லை, கஷ்டமும் ஒன்றும் இல்லை. கடை அப்போதுதான் சூடு பிடித்திருந்தது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார், அப்படியே விட்டுப்போனது. பழி போட ஒரு ஆள்கூட இல்லாததுதான் அவருக்குப் பெரிய குறை.

பக்கத்து நாற்காலியில் பதினாலு வருஷம் உட்கார்ந்து டைப் அடித்த அவர் வீட்டுக்காரி, முப்பத்தொன்பது வயதில் அதே கல்லூரியில் போய்ச் சேர்ந்தாள். முதல் வருஷக் கட்டணத்தை கமாதான் கட்டினார். தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார். விடுமுறை விட்டதும் அவள் திரும்ப அந்த நாற்காலிக்கே வந்துவிடுவாள், அதனால் பெருமைக்கும் பங்கம் இல்லை.

மூன்றாவது வருஷம்தான் வந்தது வினை. அந்தக் கல்லூரியின் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு நிதி வைத்திருந்தார்கள். ஏழைகளுக்கு இலவசமாக வழக்கு நடத்தும் சட்ட உதவி மையங்களில் சம்பளம் கிடையாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் விடுமுறையில் அங்கே போய் வேலை கற்றுக்கொள்ள முடியும். மற்றவர்களும் போகட்டும் என்று பத்து வாரத்துக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். அறுபது பேர் விண்ணப்பம் போட்டதில் ஐந்து பேரை எடுத்தார்கள். ஐந்தில் ஒருத்தி கமாவின் வீட்டுக்காரி.

கடிதத்தை அவள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் கமா அதைப் படிக்க வேண்டியதாயிற்று.

முதல் வாரமே வீட்டுப் பேச்சு மாறிப்போனது. "எங்க ஆபீஸ்ல" என்று ஆரம்பிப்பாள். அதுவரை அவளுக்கு 'எங்க' என்றால் கடைதான். "எங்க மேடம் சொன்னாங்க" என்று ஒரு வேளைச் சாப்பாட்டுக்குள் ஆறு தடவை சொன்னாள். கமா எண்ணினார். பத்தாவது படிக்கும் மகள் பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரு தகராறைப் பற்றிச் சட்டம் கேட்டாள். கமா வாயைத் திறப்பதற்குள் மகள் அம்மா பக்கம் திரும்பிவிட்டாள்.

"அப்பாவுக்கும் தெரியும்டி, அப்பாவைக் கேளு" என்றாள் வீட்டுக்காரி.

அதுதான் இன்னும் சுட்டது. தனக்குத் தெரியும் என்று அவள் சிபாரிசு செய்ய வேண்டிய நிலைமை வந்துவிட்டதே!

தெருவில் ஆளாளுக்குக் குசலம் விசாரித்தார்கள். "என்ன கமா, இனிமே வீட்டுக்காரம்மாவுக்கு நீங்க குமாஸ்தாவா?" என்று கேட்டுவிட்டு ஒரு வக்கீல் சிரித்தார். கமாவும் சிரித்தார். வயிற்றெரிச்சலை மறைக்கச் சிரிப்பைவிட்டால் வேறு வழி தெரியவில்லை.

நாலாவது வாரம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், ஒரு பெண் கடைக்கு வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை பார்த்தவள். சங்கத்தில் சேர்ந்ததால் வேலையைவிட்டு எடுத்துவிட்டார்கள். கையில் மேல்முறையீட்டு மனு, நாலு பக்கம். கையெழுத்தைப் பார்த்ததுமே வீட்டுக்காரி எழுதியது என்று கமாவுக்குத் தெரிந்துவிட்டது.

"சட்ட உதவி ஆபீஸ் அம்மா அனுப்புனாங்கண்ணே. இங்க நல்லா அடிப்பாங்க, காசு வாங்க மாட்டாங்கன்னு சொன்னாங்க."

காசு வாங்க மாட்டார் என்று முடிவு செய்தது யார்? கமாவுக்கு சுர்ரென்றது. தாள்களை வாங்கி அடிக்க ஆரம்பித்தார்.

மனு நன்றாக இருந்தது. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. வேலையைவிட்டு எடுத்த உத்தரவில் போட்டிருந்த தேதிக்கும் அது தபாலில் வந்து சேர்ந்த தேதிக்கும் ஒரு வாரம் வித்தியாசம். வீட்டுக்காரி தபால் வந்த தேதியிலிருந்து முப்பது நாள் கணக்குப் போட்டிருந்தாள். இந்த வகை மேல்முறையீட்டுக்கு உத்தரவு போட்ட தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் மறுநாள் வெள்ளிக்கிழமையே கடைசி நாள்.

"எப்பம்மா தாக்கல் பண்றீங்க?" என்று கேட்டார்.

"திங்கக்கிழமை கொடுத்தா போதுமாம்ணே. இன்னும் ஒரு வாரம் டைம் இருக்குன்னு அம்மா சொன்னாங்க."

எதிரே கோர்ட்டுக் கட்டடம். கவுண்டர் மூட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அவர் வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும். வேறு யார் எழுதியிருந்தாலும் திறந்திருப்பார்.

அடிக்கச் சொன்னதை அடிப்பதுதான் என் வேலை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். அவள்தான் படித்தவள், அவளுக்குத்தான் மேடம் இருக்கிறாளே, மேடம் பார்க்கட்டும். இரண்டாம் பக்கத்தில் மட்டும் ஒரு கமா சேர்த்தார். பிரிண்ட் எடுத்து, பின் அடித்து, "போயிட்டு வாம்மா" என்று அனுப்பிவைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் கவுண்டர் கிளார்க் டீ குடிக்க வந்தவர் கடை வாசலில் நின்றார்.

"என்னப்பா கமா, உங்க வீட்டம்மா எழுதின மனு திரும்பிடுச்சே. காலம் தாண்டிப்போச்சு. நீதானே அடிச்சே? உன் கண்ணுக்கே தப்பிச்சுதா?"

முதலில் ஒரு நொடி இனித்தது. அதை அவரால் இல்லையென்று சொல்ல முடியாது. உள்ளே யாரோ சர்க்கரையை அள்ளிப் போட்ட மாதிரி இனித்தது. அடுத்த நொடியே, 'உன் கண்ணுக்கே' என்ற வார்த்தை தைத்தது.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனபோது வீட்டுக்காரி செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். முகம் செத்துப்போயிருந்தது.

"நான் தேதியைத் தப்பா எண்ணிட்டேங்க. மேடம் நம்பிக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. அந்தப் பொம்பளைக்கு இப்ப ஒரு வீட்டுல வேலை கிடைச்சிருந்தது. கவுண்டருக்கும் ஆபீஸுக்கும் நேத்தும் இன்னிக்கும் அலைஞ்சதுல, இனி வராதேன்னு சொல்லிட்டாங்களாம். மீதி உதவித்தொகை எனக்கு வேண்டாம்னு கல்லூரிக்கு எழுதிக் கொடுக்கப்போறேன். எனக்கு இது சரிப்படாது."

அவர் ஆசைப்பட்டது இதைத்தானே? நாற்காலி திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவரால் நிற்க முடியவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"தேதி தப்புன்னு. வியாழக்கிழமையே பாத்தேன்."

அவள் கத்துவாள் என்று நினைத்தார். கத்தவில்லை. அவரை அப்போதுதான் முதல் தடவை பார்ப்பவள் மாதிரி பார்த்தாள்.

"பாத்துட்டு அடிச்சீங்களா?"

"ம்."

"அப்புறம் நாலு நாள் என் கூடவே உக்காந்து சாப்பிட்டீங்க."

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் கமா கடையைத் திறந்ததும் தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனுவை எழுதினார். எடுத்துக்கொண்டு சட்ட உதவி மையத்துக்கு நடந்தார். ஒரு மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறை. சுவர் முழுக்கக் கோப்புகள், பெஞ்சில் ஏழெட்டுப் பேர். மூலையில் சின்ன மேஜையில் அவர் வீட்டுக்காரி. மேடம் மனுவைப் படித்துவிட்டு, "யாரு எழுதினது? நல்லா இருக்கே" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கேட்க ஆசைப்பட்ட கேள்வி.

தரை துடைக்கும் பெண் பெஞ்சில் இருந்தாள். கமா அவள் முன்னால் போய் நின்றார்.

"தப்பு அன்னிக்கே என் கண்ணுல பட்டுச்சும்மா. நான் சொல்லல."

"ஏண்ணே சொல்லல?"

"பொறாமைம்மா."

"என் மேலயா?" அவளுக்கு நம்ப முடியவில்லை.

"என் வீட்டுக்காரி மேல. அதோ உக்காந்திருக்காளே, அவதான்."

அந்தப் பெண் மூலையைப் பார்த்தாள், திரும்ப இவரைப் பார்த்தாள்.

"புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு என் பொழப்பா கிடைச்சுது உங்களுக்கு?"

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். கமா தலையைக் குனிந்துகொண்டார். மன்னித்தேன் என்று அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, தாமதத்தை மன்னித்து மேல்முறையீட்டை ஏற்றுக்கொண்டார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண்ணுக்குத் தற்காலிக வேலை கேட்டு கமா நாலு தடவை நடந்தார். ஐந்தாவது தடவை கொடுத்தார்கள்.

வீட்டுக்காரி உதவித்தொகையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மேடம் விடவில்லை. ஆனால் அதன் பிறகு மையத்திலிருந்து ஒரு காகிதம்கூடக் கமா கடைக்கு வரவில்லை. எல்லாம் ஐந்தாவது கடைக்குப் போயிற்று. அந்தக் கடைக்காரனுக்கு 'நீதிமன்றம்' என்ற வார்த்தையையே பிழையில்லாமல் அடிக்க வராது. அவள் கைப்பட எழுதிய தாள்களோடு ஆட்கள் தன் கடையைத் தாண்டி அங்கே போவதைக் கமா தினமும் உட்கார்ந்து பார்த்தார். அவளுக்கு உதவித்தொகை கிடைத்தபோதுகூட இப்படி எரிந்ததில்லை.

பத்தாவது வாரம் முடிந்த சனிக்கிழமை அவள் கடைக்கு வந்தாள். பழைய நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்து, தானே அடித்தாள். நிதி கொடுத்தவர்களுக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை. அடித்து முடித்து அவரிடம் நீட்டினாள்.

"படிச்சுப் பாருங்க."

படித்தார். 'ஒரு வழக்கில் காலக்கெடுவை நான் தவறாகக் கணக்கிட்டேன்' என்று ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்தாள். அவரைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

"நான் பண்ணினதை எழுதலியே?"

"இது என் பத்து வாரம். அதுல உங்களுக்கு எதுக்கு இடம்?"

சுருக்கென்றது. கெட்டவனாகக்கூட அந்தத் தாளில் இடம் இல்லை. கமா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டார்.

"நாலாவது பத்தியில ஒரு தேதி தப்பா இருக்கு" என்றார்.

அவள் நாற்காலியை இந்தப் பக்கம் நகர்த்தினாள். "எங்க? காட்டுங்க."